குற்றவாளி யாரென்று தெரிந்த பின்னும் நீதிமன்ற நாவல் விறுவிறுப்பாக இருப்பது எப்படி?

கேள்வி:
அண்மையில் படித்த நீதிமன்ற நாவல் ஒன்றில் கொலையாளி யாரென்பதைப் பாதிக்கு முன்பே ஊகித்துவிட்டேன். ஊகமும் சரியாகவே இருந்தது. ஆயினும் கடைசிப் பக்கம் வரை புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. துப்பறியும் கதையாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஆர்வம் வடிந்திருக்கும். இவ்வகை நாவல்களில் மட்டும் விறுவிறுப்பு எங்கிருந்து வருகிறது?

பதில் 1:
துப்பறியும் கதை உண்மையைக் கண்டறிவதோடு முடிகிறது. வழக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது. உண்மை தெரிந்திருந்தால் போதாது, அதை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி, சட்டம் ஏற்கும் சான்றுகளைக் கொண்டே அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். என் பார்வையில் குறுக்கு விசாரணைதான் உச்சம். விடை தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது வழக்கறிஞர்களுக்குப் பழகிய பாடம். விளக்கு அணைந்திருந்ததா, மூக்குக்கண்ணாடி மேசைமேல்தான் இருந்ததா, சன்னல் பூட்டியிருந்ததா என்று, சாட்சி "ஆம்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலாத சிறு கேள்விகளாக அடுக்கி, "அப்படியானால் எப்படிப் பார்த்தீர்கள்?" என்ற கடைசிக் கேள்வியை மட்டும் கேட்காமல் அமர்ந்துவிடும் வழக்கறிஞரைத் தேர்ந்த எழுத்தாளரே படைக்க முடியும். (கேட்டுவிட்டால் சாட்சி விளக்கம் சொல்லித் தப்பித்துவிடுவார்.)

பதில் 2:
உடன்படுகிறேன். ஆனால் கடைசி நாளில் கதவைத் திறந்துகொண்டு வரும் திடீர்ச் சாட்சியை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அது ஆசிரியரின் சோம்பல். அமெரிக்காவில், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்றை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று 1963ஆம் ஆண்டிலேயே பிரேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த விதி மீறப்பட்டு, ஆய்வக அறிக்கையின் ஒரு பக்கம் கோப்பில் இல்லை என்பதைப் பிரதிவாதி தரப்பின் இளைய வழக்கறிஞர் ஒருவர் கவனிக்கும் காட்சியில் வரும் பதற்றம், எந்தத் திடீர்ச் சாட்சியாலும் வராது.

பதில் 3:
வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியை மறந்துவிட்டீர்கள். அமெரிக்காவில் கடுங்குற்ற வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க ஜூரியினர் அனைவரும் ஒருமனப்பட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வழக்கு முடங்கிவிடும். அவர்கள் விடுதலை அளித்துவிட்டாலோ, அதே குற்றத்துக்கு அதே அரசு மீண்டும் வழக்குத் தொடர முடியாது. ஆகவே கொலையாளி யாரென்று வாசகருக்குத் தெரிந்திருப்பது பதற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது.

கேள்வி கேட்டவர்:
நான் படித்த நாவலிலும் ஜூரியினர் கலந்தாய்வு செய்யும் அத்தியாயத்தில்தான் மிகவும் தவித்தேன். குறுக்கு விசாரணைப் பகுதிகளை மட்டும் மீண்டும் ஒருமுறை படிக்கப்போகிறேன்.