[கலைச்சொல்] பழைய டிவிக் கையேடு: கேட்ச்-அப் என்பதற்கு என்ன சொல்லலாம்?

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய டிவியில் இணையவழிச் சேவைகளைச் சேர்ப்பது பற்றிய தமிழ்க் கையேடும், அதனுடன் போகிற திறமூலச் செயலியின் தமிழ் இடைமுகமும் கடைசிக் கட்டத்தில் இருக்கின்றன. ஸ்ட்ரீமிங்குக்கு 'ஓடை' என்று வைத்துவிட்டோம். தாரை, பாய்வு எல்லாம் பேசி முடித்தாயிற்று, அதைத் திரும்பக் கிளற வேண்டாம். கேட்ச்-அப்தான் இடறுகிறது.

இப்போதைய வரைவில் 'மறுஒளிபரப்பு' என்று இருக்கிறது. அது தவறு என்பது என் கருத்து. மறுஒளிபரப்பை அலைவரிசைதான் ஒரு நேரம் வைத்துப் போடும், அந்த நேரத்துக்குப் பார்ப்பவர் டிவி முன் உட்கார வேண்டும். கேட்ச்-அப்பில் ஏற்கெனவே ஒளிபரப்பான நிகழ்ச்சியைச் சேவையகம் சில நாள் வைத்திருக்கிறது, பார்ப்பவர் தனக்கு வசதிப்பட்ட நேரத்தில் எடுத்துப் பார்க்கிறார். கெடு முடிந்தால் போய்விடும். இந்தக் கெடுவால்தான் அது திரைப்படக் கிடங்கிலிருந்தும் வேறுபடுகிறது.

பட்டியில் (மெனுவில்) இடம் குறைவு. பத்து எழுத்துக்குள் இருந்தால் நல்லது. வரைவின் இணைப்புப் பகுதியையும் ஒருமுறை பாருங்கள்.

அனுப்புநர்: டிவி பழுதுநீக்குநர், மதுரை

> வரைவின் இணைப்புப் பகுதியையும் ஒருமுறை பாருங்கள்

பார்த்தேன். கேட்ச்-அப்புக்குப் பிறகு வருகிறேன். அதைவிட அவசரமாக மாற்ற வேண்டியது 'அலைபரப்பு' (காஸ்ட்). ஆண்ட்ராய்டின் தமிழ் இடைமுகத்தைப் பின்பற்றி அதை எடுத்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் வரைவில் இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கு அந்த ஒரே சொல் வருகிறது. பயனர் இடறி விழுவது அங்கேதான்.

முதல் வேலையில் கைபேசி வெறும் ரிமோட். 'இந்தப் படத்தைப் போடு' என்று ஸ்டிக்குக்கு (டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் சிறு இணையக் கருவி) சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஸ்டிக் தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கைபேசியில் அழைப்பு வந்தாலும் படம் நிற்காது. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ரௌட்டரில் விருந்தினர் வலையமைப்பைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். அப்போது ஸ்டிக் பட்டியலிலேயே வராது.

இரண்டாவதில் கைபேசித் திரையே அப்படியே டிவிக்குப் போகிறது. கைபேசி விழித்திருக்க வேண்டும், சூடாகும், பேட்டரி இறங்கும். கட்டணச் செயலிகள் பலவற்றில் ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாகிவிடும். அது பழுதல்ல, திரையைப் படியெடுக்கவிடாத உரிமைப் பாதுகாப்பு. 'அலைபரப்பினேன், படம் வரவில்லை' என்று ஒருவர் எழுதினால் இந்த இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? முதலாவதை 'டிவிக்கு மாற்று' என்றும் இரண்டாவதைத் 'திரைநகல்' என்றும் பிரித்துவிடுங்கள்.

இனி இணைப்புப் பகுதி. 'பழைய டிவி' என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று வகை இருக்கிறது, மூன்றுக்கும் வேறு வேறு வழி.

எச்டிஎம்ஐ துளை உள்ள, ஆனால் இணையம் இல்லாத எல்சிடி, எல்இடி டிவிதான் எளிது. ஸ்டிக் ஒன்று போதும். கெடுவது பெரும்பாலும் மின்சாரத்தில். பழைய டிவியின் யுஎஸ்பி துளை, அந்தத் தர வரையறைப்படி, 500 மில்லிஆம்பியர் தரும். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் 5 வோல்ட், 1 ஆம்பியர். டிவியின் யுஎஸ்பியில் செருகினால் சின்னம் தெரியும், பட்டியும் வரும், படம் ஓடத் தொடங்கி வைஃபையும் செயலியும் ஒன்றாக மின்சாரம் கேட்கும்போது மறுபடி சின்னத்துக்கே திரும்பும். டிவியை அணைத்தால் அந்தத் துளையும் அணையும் என்பதால் இரவில் நடக்கும் மென்பொருள் புதுப்பிப்பு பாதியில் அறுந்துபோகும். சுவரில் அடாப்டர் என்பதைப் பரிந்துரையாக எழுதாதீர்கள், நிபந்தனையாக எழுதுங்கள். துளை சுவர் ஓரமாக இருந்தால் பெட்டியில் வரும் குட்டி நீட்டிப்புக் கேபிளைப் போட வேண்டும். டிவியின் உலோகத் தகட்டிலிருந்து ஸ்டிக் கொஞ்சம் விலகுவதால் வைஃபையும் மேம்படும்.

படம் இருக்கிறது, ஒலி இல்லை என்பது அடுத்தது. ஸ்டிக் டால்பி வடிவில் ஒலியை அனுப்புகிறது, பழைய டிவிக்கு அது புரியவில்லை. ஸ்டிக்கின் ஒலி அமைப்பில் பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று மாற்றினால் சரியாகும். ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவை முழுப்படமாக வையுங்கள். 1366×768 திரைகளில் தானியங்கித் தெளிவு தடுமாறினால் 720பி என்று கையாலேயே தேர்ந்தெடுக்கலாம்.

பிக்சர் டியூப் டிவி இரண்டாவது வகை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகள் மட்டும் இருக்கும். இதற்கு எச்டிஎம்ஐ-ஏவி மாற்றி வேண்டும். கடையில் ஏவி-எச்டிஎம்ஐ மாற்றியும் அதே அளவு, அதே நிறப் பெட்டியில் இருக்கும், அது எதிர்த்திசை. ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று வண்ண முனைகள் என்று வெறும் கேபிளாக விற்பதை வாங்கவே கூடாது. எண்ம (டிஜிட்டல்) குறிகையை ஒப்புமை (அனலாக்) குறிகையாக மாற்ற உள்ளே சில்லு வேண்டும், வெறும் கம்பியால் ஆகாது. மாற்றிக்கும் தனியாக 5 வோல்ட் தேவை, ஆக இரண்டு அடாப்டர். மாற்றியின் பக்கவாட்டில் உள்ள பொத்தான் பால் (PAL, இந்தியாவின் பழைய டிவி முறை) நிலையில் இருக்க வேண்டும். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) நிலையில் படம் கறுப்புவெள்ளையாக வரும் அல்லது உருளும். பட்டி தெரிந்து கட்டணப் படம் மட்டும் கறுத்தால் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பை மாற்றி கையாளவில்லை என்று பொருள். அமைப்பில் எதைத் திருகினாலும் மாறாது, மாற்றியைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, வயதான ஸ்மார்ட் டிவி. திரை நன்றாக இருக்கும், செயலிதான் செத்திருக்கும். 2010, 2011ஆம் ஆண்டுகளின் சில சாம்சங் டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பரில் நின்றது. 2021 செப்டம்பர் 30 அன்று பரவலாகப் பயன்பட்ட ஒரு வேர்ச் சான்றிதழ் (தளம் நம்பத்தக்கதா என்று சாதனம் சரிபார்க்க அடிப்படையான மின்சான்று) காலாவதியானபோது, புதிய சான்றிதழ் வந்து சேராத பழைய சாதனங்கள் பல தளங்களைத் திறக்க மறுத்தன. திரையில் 'வலையமைப்புப் பிழை' என்று வரும், ரௌட்டரைக் குறைசொல்வார்கள். முதலில் டிவியின் தேதியைப் பாருங்கள். தேதி பல ஆண்டு பின்னால் இருந்தாலும் இதே பிழைதான் வரும், திருத்தினால் போய்விடும். தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் அதை வெறும் திரையாக நினைத்து ஸ்டிக் செருகுவதே வழி.

ஸ்டிக்கைத் தமிழாக்க வேண்டாம். கடையில் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும்.

அனுப்புநர்: சொல்லாய்வர், தஞ்சாவூர்

மேலே உள்ள மடலுக்கு முழு ஒப்புதல், 'திரைநகல்' உட்பட.

கேட்ச்-அப்புக்கு வருவோம். 'நேரலை' நன்றாக ஊன்றிவிட்ட சொல். அதை ஒட்டிப் 'பின்னலை' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே தடுத்துவிடுகிறேன். சடை பின்னலை என்றுதான் படிப்பார்கள்.

'தவறியவை' என்றால் பதிவிறக்கம் தோல்வியுற்றவற்றின் பட்டியல் போலிருக்கிறது. ஆளைக் குறித்து 'தவறிவிட்டார்' என்கிற வழக்கு வேறு. 'விடுபட்டவை' வாக்காளர் பட்டியலுக்குப் பொருந்தும்.

என் முன்மொழிவு 'பிற்காட்சி'. பிற்பகல், பிற்காலம் போலப் பின் என்பது பிற் ஆகிறது. பகல் காட்சி, இரவுக் காட்சி என்று திரையரங்கில் பழகிய 'காட்சி' கூடவே வருகிறது. பிற்காட்சிச் சேவை, பிற்காட்சிக் காலம் என்று நீட்டவும் இடம் தருகிறது.

அனுப்புநர்: வசனவரி எழுதுநர், சிங்கப்பூர்

பிற்காட்சி நல்ல பெயர்ச்சொல். ஆனால் பொத்தானில் அதைப் பார்க்கிற மூத்தவருக்கு என்ன தோன்றும்? 'நேத்து சீரியல் விட்டுப்போச்சு' என்றுதான் வீட்டில் பேசுகிறார்கள். 'விட்டுப்போனவை' என்று எழுதினால் விளக்கம் வேண்டாம். 'விட்டவை' என்று சுருக்க நினைத்தேன், ஆனால் 'டீசர் விட்டிருக்காங்க' என்கிற புதுவழக்கு குறுக்கே வருகிறது. வெளியிட்டவை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, கெடு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஜியோடிவியில் 7 நாள். பிபிசி ஐபிளேயர் 2007 டிசம்பர் 25 அன்று அறிமுகமானபோது 7 நாளாகத்தான் இருந்தது, 2014இல் 30 நாளாயிற்று. இங்கே வசந்தம் என்ற தமிழ் அலைவரிசையின் நிகழ்ச்சிகள் மீவாட்ச் என்ற இணையத் தளத்தில் கிடைக்கின்றன. ஆகவே '7 நாள்' என்பதைச் சொல்லுக்குள் கொண்டுவராதீர்கள். கெடுவைத் தனி வரியாக 'இன்னும் 2 நாள் இருக்கும்' என்று காட்டலாம். விளையாட்டும் திரைப்படமும் பல நேரம் இந்தப் பட்டியலில் வராது, நேரலை உரிமை வாங்கியவர் பின்னால் காட்டும் உரிமையையும் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. 'நிகழ்ச்சி இல்லை' என்ற பிழைச்செய்தியை 'இந்நிகழ்ச்சிக்கு உரிமை இல்லை' என்று மாற்றுவது நல்லது. இல்லாவிட்டால் பயனர் செயலியை அழித்து மீண்டும் நிறுவிக்கொண்டிருப்பார்.

கையேடு சிங்கப்பூருக்கும் என்றால் ஒரு வரி சேர்க்க வேண்டும். இங்கே ஒப்புமை ஒளிபரப்பு 2019 ஜனவரித் தொடக்கத்தில் நின்றது. அதற்காகப் பழைய டிவியில் பொருத்திய எண்மப் பெட்டியை ஓடைப்பெட்டி என்று சிலர் நினைக்கக்கூடும். அது ஆண்டெனாவிலிருந்து எடுப்பது, வைஃபை ஸ்டிக்கின் வேலையைச் செய்யாது.

அனுப்புநர்: இடைமுகச் சோதனையாளர்

> விட்டுப்போனவை

+1. எழுத்துருப் பக்கத்திலிருந்து ஒரு காரணம். பிக்சர் டியூப் டிவியில் 576 வரிகள்தான், அதுவும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று மாறிமாறி வரையப்படுகின்றன. ஒரே வரி உயரமுள்ள எதுவும் துடிக்கும். தமிழில் முதலில் அடிபடுவது புள்ளி. 'கேட்ச்-அப்' என்பதில் மெய் மூன்று, அந்தப் புள்ளிகள் போய்விட்டால் 'கேடச-அப' என்று தெரியும். 'விட்டுப்போனவை' என்பதிலும் இரண்டு புள்ளி உண்டு. ஆனால் அவை போனாலும் வாசகர் ஊகித்துவிடுவார், பழகிய சொல். 'பிற்காட்சி' கொஞ்சம் சிரமம்.

எந்தச் சொல்லானாலும் புள்ளிக்கு இரண்டு வரியாவது உயரம் வேண்டும். பட்டியை ஒவ்வொரு ஓரத்திலும் 5 விழுக்காடு உள்ளே தள்ளுங்கள். மேலும் கீழும் ஏறத்தாழ 29 வரி. இல்லாவிட்டால் பழைய டிவி இகர, ஈகார மேல்வளைவுகளை வெட்டித் தள்ளிவிடும்.

அனுப்புநர்: சொல்லாய்வர், தஞ்சாவூர்

பொத்தானில் 'விட்டுப்போனவை', கையேட்டின் விளக்கத்தில் 'பிற்காட்சி' என்றால் எனக்கு மறுப்பில்லை. ஒன்று பயனருக்கு, மற்றது துறைக்கு.

அனுப்புநர்: டிவி பழுதுநீக்குநர், மதுரை

எனக்கு மறுப்பு உண்டு, ஐயா. கையேட்டில் பிற்காட்சி என்று படித்துவிட்டுத் திரையில் பிற்காட்சியைத் தேடுவார்கள். திரையில் என்ன இருக்கிறதோ அதுவே கையேட்டிலும் இருக்க வேண்டும். பிற்காட்சியைச் சொற்பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர்

நன்றி. திரையிலும் கையேட்டிலும் 'விட்டுப்போனவை', சொற்பட்டியலில் மட்டும் 'பிற்காட்சி'. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோகிற பொத்தானுக்கு 'முதலிலிருந்து'. காஸ்ட் என்பது 'டிவிக்கு மாற்று', மிரரிங் என்பது 'திரைநகல்'.

தரவு பற்றிய பத்தியைத் திருத்தியிருக்கிறேன், கணக்கைச் சரிபாருங்கள்:

"720பி படத்துக்கு நொடிக்கு 3 மெகாபிட் வேகம் வேண்டும். அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1.35 ஜிபி செலவாகும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு 2 ஜிபி திட்டம் வைத்திருப்பவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். விட்டுப்போனவற்றைப் பார்ப்பதற்கும் நேரலைக்கும் தரவுச் செலவில் வேறுபாடு இல்லை. பிக்சர் டியூப் டிவியில் தெளிவை 480பி ஆகக் குறைத்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, தரவு மிச்சமாகும்."

இணைப்புப் பகுதியின் புதிய வரி: "மாற்றியிலிருந்து வரும் மூன்று முனைகளையும் டிவியின் பின்புற ஏவி துளைகளில் நிறம் பார்த்துச் செருகவும்."

அனுப்புநர்: டிவி பழுதுநீக்குநர், மதுரை

கணக்கு சரி. கடைசி வரி போதாது. பல பிக்சர் டியூப் டிவிகளின் பின்னால் ஏவி உள்ளீடு, வெளியீடு இரண்டும் ஒரே நிறத்தில் அடுத்தடுத்து இருக்கும். வெளியீட்டில் செருகினால் எதுவும் வராது. 'ஏவி இன் என்று எழுதியுள்ள துளைகளில்' என்று மாற்றுங்கள், எழுத்து ஆங்கிலத்தில்தான் பொறித்திருக்கும் என்பதால் படமும் போடுங்கள். வெள்ளைத் துளை மட்டும் உள்ள ஒற்றை ஒலி டிவியில் சிவப்பு முனையை அப்படியே தொங்கவிட்டால் வலப்பக்க ஒலி டிவிக்கு வராது. ஸ்டீரியோவாகக் கலந்த பாட்டில் சில கருவிகள் காணாமல் போகும். செருகி முடித்ததும் ரிமோட்டில் ஏவி பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். சில டிவிகளில் அது 0-க்குக் கீழே உள்ள எண்ணாக, அலைவரிசை வரிசையிலேயே ஒளிந்திருக்கும்.