டி.வி. கேப்சர் கார்டு: படம் வருகிறது, சத்தம் வரவில்லை (லினக்ஸ் மின்ட்)

அம்மாபேட்டை_டெக்:
வணக்கம். ஏற்காட்டில் பெரியம்மா வீட்டு அலமாரி நிறைய வி.எச்.எஸ். கேசட், எல்லாம் கல்யாணம், காதுகுத்து, நடுவில் ஒரு மலர்க்கண்காட்சி. மலை ஈரத்தில் சிலது பூசணம் பிடித்துவிட்டது, மீதியையாவது கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று ஒரு பழைய பி.சி.ஐ. (மதர்போர்டில் செருகுகிற) டி.வி. கேப்சர் கார்டை பழைய மெஷினில் செருகி லினக்ஸ் மின்ட் போட்டேன். வி.எல்.சி.யில் படம் அருமையாக வருகிறது, சத்தம் சுத்தமாக இல்லை. டெக்கிலிருந்து மஞ்சள் வயர் கார்டுக்குப் போகிறது, வெள்ளையையும் சிவப்பையும் 3.5 மி.மீ. பின்னாக மாற்றி கார்டின் ஆடியோ இன் துளையில் செருகியிருக்கிறேன். டெக்கை நேராக டி.வி.யில் மாட்டினால் நாதஸ்வரம் கணீரென்று கேட்கிறது, அதனால் கேசட்டிலோ டெக்கிலோ கோளாறு இல்லை. கார்டில் கம்பெனிப் பெயர் கிடையாது, சிப்பில் எஸ்.ஏ.ஏ.7134 என்று இருக்கிறது. டிரைவர் சி.டி. எப்போதோ தொலைந்துவிட்டது. யாராவது வழி சொல்லுங்க.

நாலுரோடு:
ஆல்சாமிக்சரை (டெர்மினலில் சத்த அளவை மாற்றும் புரோகிராம்) திறந்து லைன் இன், அதாவது சவுண்ட் கார்டுக்கு வெளியிலிருந்து சத்தம் வரும் துளை, மியூட்டில் இருக்கிறதா பாருங்க. பாதிப் பேருக்கு அங்கேதான் பிரச்சினை.

சேர்வராயன்:
லைன் இன்னைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று. படம் வருகிறது என்பதை வைத்து சத்தத்தைப் பற்றி எதுவும் முடிவு பண்ண முடியாது, இரண்டும் கார்டுக்குள் வேறு வேறு வழியில் போகின்றன. சத்தம் வெளியே வர இரண்டு வழி. பழைய வழி, கார்டின் ஆடியோ அவுட்டிலிருந்து சவுண்ட் கார்டின் லைன் இன்னுக்கு ஒரு குட்டி வயர். அந்த வயர் இருந்தால்தான் நாலுரோடு சொன்ன மிக்சர் வேலைக்கு ஆகும். இன்னொன்று வயரே இல்லாமல் பி.சி.ஐ. வழியாகவே சத்தம் வருவது, அதற்கு எஸ்.ஏ.ஏ.7134-ஆல்சா என்ற மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் துண்டு) வேண்டும். உங்கள் சிப் 7134 என்பதால் இது முடியும். 7130 ஆக இருந்திருந்தால் டிஜிட்டல் ஆடியோ கிடையாது, வயரேதான் கதி. டெர்மினலில் டிமெஸ்ஜி (கர்னல் எழுதிவைக்கும் செய்திகளைக் காட்டும் கட்டளை) அடித்து 7134 என்று வரும் வரிகளைப் போடுங்க, குறிப்பாக போர்டு என்று தொடங்கும் இடம்.

அம்மாபேட்டை_டெக்:
லைன் இன்னுக்கு வயர் எதுவும் போடவில்லை அண்ணா. ஆல்சா மாட்யூல் தானாகவே ஏறியிருக்கிறது, ஏரெக்கார்ட் என்ற ரெக்கார்டிங் கட்டளையில் இரண்டாவது கார்டாகத் தெரிகிறது. அதிலிருந்து ரெக்கார்ட் பண்ணினால் ஃபைல் உருவாகிறது, உள்ளே வெறும் மௌனம். டிமெஸ்ஜியில் போர்டு: அன்னோன்/ஜெனரிக், கார்டு=0, ஆட்டோடிடெக்டட் என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஏதோ வாழ்த்துகள் என்று தொடங்கி நீளமாகத் திட்டுகிற மாதிரி வேறு வருகிறது, அது என்ன?

சேர்வராயன்:
அந்தத் திட்டு உங்களுக்கு இல்லை, கார்டு செய்தவருக்கு. கார்டின் அடையாளத்தை வைத்திருக்கும் ஈப்ராம் என்ற சின்னச் சிப்பைப் போடாமல் சில காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அதனால் இது எந்தக் கார்டு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று டிரைவர் எழுதினவர் லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே புலம்பி வைத்திருக்கிறார். புலம்பி முடித்துவிட்டு, கார்டு எண்ணை நீயே கொடு என்றும் சொல்லியிருப்பார், கடைசி வரியைப் பாருங்க.

உங்கள் கோளாறு அதுதான். எண் 0 என்றால் டிரைவருக்குத் தெரிவது ஒரே ஒரு இன்புட், அதன் சத்தத்தை லைன்1 என்ற சிப்பின் முதல் ஆடியோ வழியில் மட்டும் தேடும். பல கார்டுகளில் ட்யூனர், வெளி ஆடியோ, எஃப்.எம். மூன்றில் எது சிப்புக்குள் போக வேண்டும் என்று மாற்றிவிட நடுவில் தனி ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அதைத் தட்டுவது ஜி.பி.ஐ.ஓ. கால்கள், அதாவது டிரைவர் ஆன், ஆஃப் பண்ணக்கூடிய சிப்பின் பின்கள். எந்தக் காலைத் தட்ட வேண்டும் என்பது கார்டு எண்ணோடு சேர்ந்துதான் டிரைவருக்குப் போகிறது. 0 கொடுத்தால் எதையும் தட்டாது, ஸ்விட்ச் ட்யூனர் பக்கமே நின்றுவிடும்.

கர்னல் ஆவணத்தில் இந்த டிரைவருக்கான கார்டு பட்டியல் இருக்கிறது. பெயரில்லாத 7134 கார்டு என்றால் நான் முதலில் 2 கொடுத்துப் பார்ப்பேன், அது ஃப்ளைவீடியோ3000. வி.எல்.சி.யை மூடிவிட்டு, ஆல்சா மாட்யூலை முதலில் இறக்கி, அப்புறம் எஸ்.ஏ.ஏ.7134 ஐ இறக்கி, மாட்யூலை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளையில் கார்டு=2 சேர்த்து மறுபடி ஏற்றுங்க. மாட்யூல் உபயோகத்தில் இருக்கிறது என்று இறங்க மறுத்தால் பின்னணியில் ஓடும் சவுண்ட் சர்வரான பல்ஸ்ஆடியோ பிடித்து வைத்திருக்கும், அதை நிறுத்த வேண்டும். எண் தப்பாக இருந்தால் படமும் போய்விடலாம், பயப்படாதீங்க, வேறு எண் போட்டால் திரும்பி வரும்.

கன்னங்குறிச்சி:
இதற்கு இவ்வளவு பாடா, ஒரு யு.எஸ்.பி. கேப்சர் ஸ்டிக் வாங்கினால் முடிந்தது. அது இருக்கட்டும், பூசணம் பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போட்டுவிடாதீங்க, ஹெட்டில் ஒட்டிக்கொண்டு நல்ல கேசட்டுக்கும் பரவும்.

அம்மாபேட்டை_டெக்:
சத்தம் வந்துவிட்டது!! 2 போட்டதும் இன்புட் பட்டியலில் டெலிவிஷன், காம்போசிட், எஸ்-வீடியோ என்று வரிசையாக வந்தது, முதல் காம்போசிட்டில் படமும் மேளமும் சேர்ந்தே வருகிறது. வி.எல்.சி.யில் ஆடியோவுக்கு ஆல்சா எச்.டபிள்யூ. 1,0 (எண்ணிக்கை 0 இல் தொடங்குவதால் இரண்டாவது சவுண்ட் கார்டு) என்று தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பூசணம் பிடித்ததைத் தொடவே இல்லை அண்ணா, தனிப் பெட்டியில் கிடக்கிறது. இப்போது புதுத் தலைவலி. ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டாமே என்று கார்டு எண்ணை மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் ஒரு ஃபைலில் எழுதி ரீபூட் பண்ணினேன், ஸ்பீக்கரில் எந்தச் சத்தமும் இல்லை, யூடியூப் கூட ஊமை.

சேர்வராயன்:
கேப்சர் கார்டு இந்தத் தடவை முந்திக்கொண்டு சவுண்ட் கார்டு 0 ஆக, அதாவது சிஸ்டம் முதலில் எடுக்கும் சவுண்ட் கார்டாக, உட்கார்ந்திருக்கும். ரெக்கார்ட் மட்டும் செய்கிற கார்டுக்கு ஸ்பீக்கர் ஏது. அதே ஃபைலில் இன்னொரு வரி: ஆப்ஷன்ஸ் எஸ்.ஏ.ஏ.7134-ஆல்சா இண்டெக்ஸ்=1. ரீபூட் பண்ணுங்க.

அப்புறம் ரெக்கார்டிங்கில் சாம்பிள் ரேட் 32000 என்று வையுங்க. எச்.டபிள்யூ. என்று நேராகக் கேட்டால் 44100 ஐ ஏற்காது, பிளக்எச்.டபிள்யூ. என்று கேட்டால் அதுவே மாற்றிக் கொடுக்கும்.

கொண்டலாம்பட்டி_பி.டி:
என்னிடம் இருப்பது பி.டி.878 கார்டு. இதே முறை ஒத்துவருமா?

சேர்வராயன்:
டிரைவர் வேறு, பி.டி.டி.வி. அதற்கும் கார்டு எண் உண்டு, பட்டியல் தனி, இந்த 2 ஐ அங்கே போடாதீங்க. அந்தச் சிப்பில் ஆடியோவுக்குத் தனிப் பகுதி இருந்தாலும் நிறைய கார்டுகளில் அதுவரை வயரிங்கே போயிருக்காது. முதலில் ஆடியோ அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு வயர் போட்டு நாலுரோடு சொன்னபடி மியூட்டை எடுத்துப் பாருங்க, அதிலும் வராவிட்டால் உங்கள் டிமெஸ்ஜியோடு தனி இழை போடுங்க.

அம்மாபேட்டை_டெக்:
இண்டெக்ஸ் வரி போட்டதும் ஸ்பீக்கர் சரியாகிவிட்டது. முதல் கேசட் ஓடுகிறது, மூன்று மணி நேரக் கல்யாணம். நன்றி அண்ணா.