சீலியாக்: கோதுமையை நிறுத்தி ஐந்து மாதமாகியும் வயிறு சரியாகவில்லை, எங்கே தவறுகிறேன்?

திருச்சி_அம்மா:
வணக்கம். எனக்கு 36 வயது. ஐந்து மாதம் முன்பு எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்து சீலியாக், அதாவது கோதுமை குடலுக்கு ஆகாத நோய், என்று உறுதி செய்தார்கள். அதற்கு முன் இரண்டு வருடம் அல்சர், கேஸ் என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். அப்போது எடை 43 கிலோ, ஹீமோகுளோபின் 8.4. அன்றோடு சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் விட்டாயிற்று.

முதல் ஆறு வாரம் நல்ல முன்னேற்றம். அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பேதி, வாய்ப்புண், மாடி ஏறினால் கால் துவள்கிறது. சீலியாக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான டிடிஜி 168 இருந்தது, போன மாதம் 61 (லேபில் 20க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள்).

காலையில் கேழ்வரகுக் கஞ்சி அல்லது இட்லி, மதியம் சாதம், குழம்பு, ரசம், இரவு தோசை. இரண்டு வேளை காபி, எடை ஏறட்டும் என்று படுக்கும்போது ஒரு டம்ளர் பால். "அரிசிதானே சாப்பிடுகிறாய், இன்னும் என்ன?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நோயையே தப்பாகச் சொல்லிவிட்டார்களோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மில்காரர்_மகள்:
அக்கா, கேழ்வரகை எங்கே அரைக்கிறீர்கள்? எங்கள் அப்பா மாவு மில் வைத்திருந்தவர், அதனால் கேட்கிறேன். ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போனால் கல்லின் இடுக்கிலும் மாவு விழும் துணிப்பையிலும் நிறையவே தங்கிவிடும். அடுத்து வருபவரின் மாவோடு சேர்ந்துதான் அது வெளியே வரும். மிளகாய் அரைத்த பிறகு வந்தால் நெடி தெரியும், திருப்பி அனுப்பிவிடுவோம். கோதுமைக்கு நெடி இல்லையே.

சேலம்_ஓய்வு_ஆசிரியர்:
எதையும் ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு ஏற்காதம்மா. வாரம் ஒரு சப்பாத்தி சாப்பிட்டுப் பழகிக்கொண்டே வாருங்கள், சரியாகும்.

பத்து_வருட_சீலியாக்:
ஐயா, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். சீலியாக் பழகிக்கொள்ளும் நோய் இல்லை. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே தாக்கும். நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே குடல் கெடும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது ஏறக்குறைய அரை கிராம் மைதா. ஒரு சிட்டிகை.

திருச்சி அம்மா, நோயைத் தப்பாகச் சொல்லவில்லை. 168 என்பது 61க்கு இறங்கியிருப்பதே அதற்குச் சான்று. பெரியவர்களுக்கு எண் முழுதாக இறங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம், குடல் ஆற இரண்டு வருடம்கூட எடுக்கும். ஆனாலும் பேதி தொடர்ந்தால் முதலில் தேட வேண்டியது சமையலறையில்தான்.

என்னை வருடக்கணக்கில் ஏமாற்றியவை இரண்டு. ஒன்று பெருங்காயம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், பல டப்பாக்களில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, பின்பக்கம் படித்து வாங்குங்கள். சிட்டிகைதான் என்றாலும் சாம்பார், ரசம், தாளிப்பு என்று மூன்று வேளையும் சேருகிறது. இன்னொன்று சத்துமாவு. நம் வீடுகளில் அதில் சம்பா கோதுமையும் பார்லியும் போடாமல் இருக்க மாட்டார்கள்.

வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி போடும் கல்லிலேயே உங்கள் தோசையா?

திருச்சி_அம்மா:
படித்ததும் எழுந்து போய் டப்பாவைப் பார்த்தேன். கோதுமை மாவு என்றே போட்டிருக்கிறது. ஐந்து மாதமும் அதைத்தான் ரசத்தில் போட்டிருக்கிறேன். கேழ்வரகு தெரு முனை மில்லில்தான் அரைக்கிறோம், பக்கத்தில் எப்போதும் கோதுமைப் பை நிற்கும். கல்லும் ஒரே கல்தான், இரும்புக் கல், சப்பாத்தி முடிந்து அதே சூட்டில் எனக்குத் தோசை. அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மில்காரர்_மகள்:
சொல்லிவிடுங்கள் அக்கா. தனிக் கல், தனிக் கரண்டி, தனி வடிகட்டி. கேழ்வரகை வாங்கிக் கழுவி, காயவைத்து, வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நறநறக்கும், கஞ்சிக்குப் போதும். அந்தச் சல்லடையில் கோதுமை மாவைச் சலிக்காதீர்கள்.

உணவியல்_கோவை:
பாலைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி, சிறுகுடலின் உள்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடல் விரல்களின் நுனியில் இருப்பது. சீலியாக்கில் முதலில் தேய்வது அந்த நுனிதான். நீங்கள் எடைக்காகக் குடிக்கும் பாலே சாப்பிட்ட ஒரு மணி நேரத்து உப்புசத்துக்குக் காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். தயிர், மோர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். குடல் ஆறியதும் பெரும்பாலும் பாலும் ஒத்துவரும், பயப்பட வேண்டாம்.

சோர்வுக்கு ஃபெரிடின் (உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டுவது), பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்தை உறிஞ்சும் இடமும் சிறுகுடலின் அதே முன்பகுதிதான். "குளூட்டன் இல்லை" என்று அச்சிட்ட பொட்டலமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி.

இதெல்லாம் செய்தும் பேதி நிற்காவிட்டால் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். சிறுகுடலில் கிருமி பெருகுவது, கணையச் சுரப்பு குறைவது, பெருங்குடல் அழற்சி என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. எடை இறங்கினாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

திருச்சி_அம்மா (எட்டு வாரம் கழித்து):
வந்து சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அத்தையிடம் அழுதுகொண்டே சொன்னேன். மறுநாள் அவர்களே புதுக் கல் வாங்கி வந்து, எண்ணெய் தடவிப் பழக்கி, "இது உன்னுடையது" என்று தனி ஆணியில் மாட்டிவிட்டார்கள்.

பால் நிறுத்திய ஐந்தாம் நாளே உப்புசம் பாதி குறைந்தது. பேதி இந்த மாதம் இரண்டு தடவைதான், அதில் ஒன்று கல்யாண வீட்டு ரசம். ஃபெரிடின் 6 இருந்ததால் இரும்புச் சத்து ஊசி வழியாக ஏற்றினார்கள். எடை 46. டிடிஜி 38. சோர்வு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஒரு கேள்வி. என் பெண்ணுக்கு ஒன்பது வயது, வயசுக்கு வளர்த்தி கம்மி. அவளுக்கும் பார்க்க வேண்டுமா? இப்போதே கோதுமையை நிறுத்திவிடட்டுமா?

உணவியல்_கோவை:
கட்டாயம் பாருங்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். ஆனால் ரத்தம் எடுக்கும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

திருச்சி_அம்மா:
சரி. வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன். அதுவரை அவள் டப்பாவில் வழக்கம்போலச் சப்பாத்திதான்.