ஜான் ஹண்டர் படத்தின் மூலையில் இரண்டு கால்கள்

வைகைக்கரை:
லண்டனில் பயிற்சியில் இருந்த வருடம். பதினெட்டாம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் சேர்த்த உடல் மாதிரிகள் இருக்கும் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள், அதனால் அங்கே இருக்கும் மாதிரி ஜாடிகளை விட்டுவிடுகிறேன். எங்கள் மருத்துவமனை வகுப்பறையில் ஜான் ஹண்டரின் செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்று தொங்கியது. ஓவியர் ரெனால்ட்ஸ் 1786-ல் தீட்டியதைப் பார்த்து வில்லியம் ஷார்ப் 1788-ல் செதுக்கியது. ஆறு மாதம் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை. சும்மா தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேல் மூலையில் இரண்டு எலும்புக் கால்கள் தொங்குகின்றன! மேலே உடம்பு கிடையாது, படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. 'அயர்லாந்து ராட்சதர்' என்று அழைக்கப்பட்ட, மிக உயரமான சார்லஸ் பைர்னின் கால்கள். தன்னை அறுக்கக் கூடாது, கடலில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு 1783-ல் 22 வயதில் இறந்தவர். ஹண்டர் அந்த உடலை வாங்கி எலும்புக்கூடாக்கி வைத்துக்கொண்டார். ஆசிரியரிடம் கேட்டேன். "அதுவா, பின்னணி" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். அந்தச் சொல் இன்றும் என்னை விடவில்லை.

சுரப்பிப்பிரிவு:
உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். 1909-ல் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறக்கவைத்துப் பார்த்தார், வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி பெரிதாகி இருந்தது. 2011-ல் பைர்னின் பல்லில் கிடைத்த டிஎன்ஏவில், அந்தச் சுரப்பியில் கட்டி வர வழிவைக்கும் ஏஐபி மரபணு மாற்றம் தெரிந்தது. அதே மாற்றம் இன்றைய வட அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றிலும் இருக்கிறது. போன வருடம் ஒரு அம்மா கிளினிக்குக்கு வந்தார். அதே சுரப்பிக் கோளாறில் கை பெருத்து, கல்யாண மோதிரம் விரலில் ஏறவில்லையாம், கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். அந்த முடிச்சை அவர் அவிழ்த்தபோது எனக்குப் பைர்ன் நினைவுதான் வந்தது.

பழையபடம்:
சுரப்பிப்பிரிவு, டிஎன்ஏ பல்லில் கிடைத்தது. அதற்காக ஒரு மனிதரை இருநூறு வருடம் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்க வேண்டாம். 2023-ல் அருங்காட்சியகத்தை மறுபடி திறந்தபோது எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைக்கவில்லை, ஆராய்ச்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதுவும் போதாது. கடல் அங்கேயேதான் இருக்கிறது.

என் பேராசிரியர் ஓய்வு பெறும்போது இதே படத்தை எனக்குக் கொடுத்தார். அதில் கால்களே இல்லை. சட்டத்துக்கு அடங்க யாரோ ஓரத்தை நறுக்கியிருந்தார்கள்.

வைகைக்கரை, அந்த வகுப்பறைக்கு மறுபடி போனால் ஒரு லென்ஸ் எடுத்துப் போங்கள். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஓரம் வெட்டுப்படவில்லை. கீழே பொடி எழுத்தில் இரண்டு பெயர் இருக்கும். 'பின்க்ஸிட்' என்றால் தீட்டியவர், 'ஸ்கல்ப்ஸிட்' என்றால் செதுக்கியவர். அப்புறம் ஹண்டர் பக்கத்தில் விரித்து வைத்திருக்கும் புத்தகத்தையும் பாருங்கள், மண்டையோடுகளும் முன்கால்களும் வரிசையாக இருக்கும். வெயில் படும் சுவரில் மாட்டியிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள், தாள் பழுத்துவிடும். பின்னால் சாதாரண அட்டை இருந்தால் அமிலமில்லாத அட்டை போடச் சொல்லுங்கள். சட்டக்காரரிடம் கொடுக்கும்போது ஓரத்தை வெட்டக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

வைகைக்கரை:
வெள்ளிக்கிழமை போகிறேன். லென்ஸ் வாங்கிவிட்டேன்.