புதுப்பிப்பு: கரும்பு டிரெய்லரில் திரும்பத் திரும்ப வந்த விரிசல்

போன சீசனில் எழுதியிருந்தேன்: தென்னாப்பிரிக்காவின் டொங்காட் பக்கம் கரும்பு ஏற்றும் எங்கள் டிரெய்லரின் டிராபாரில் (டிராக்டரோடு இணைக்கும் இழுவைச் சட்டம்), வெல்டிங் ஓரத்தில், அதாவது வெல்டிங்கும் இரும்பும் சேரும் கோட்டில், மூன்று முறை விரிசல். மூன்று முறையும் அதன் மேலேயே வெல்டிங் போட்டு அனுப்பினோம்.

தவறு அதில்தான். வெல்டிங் ஆறும்போது சுருங்கி, ஓரத்தில் இழுவிசையைத் தேக்கிவிடுகிறது. ஓரம் கூர்மையாகவும் இருப்பதால், வயல் பாதையின் ஒவ்வொரு குலுக்கலும் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

இந்த முறை விரிசலைக் கிரைண்டரால் முழுதும் எடுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் போட்டோம். அப்புறம் காற்றழுத்தச் சுத்தியலின் உருண்டை முனையால் அந்த ஓரக் கோட்டிலேயே அடித்துக்கொண்டு போனோம். கோடு மறைந்து, பளபளப்பான சிறு பள்ளம் தெரிய வேண்டும். ஆழம் அரை மில்லிமீட்டருக்குள் போதும். அடிபட்ட இடத்தில் இழுவிசை போய், விரிசலைத் திறக்கவிடாத அமுக்கவிசை தங்குகிறது, கூர்மையும் மழுங்குகிறது.

எல்லா வெல்டிங்குக்கும் ஆகுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆகாது. விரிசல் வெல்டிங்கின் உள் அடிப்பகுதியிலிருந்து கிளம்பினால் ஓரத்தில் அடித்துப் பயனில்லை. அடித்தபின் அந்த இடத்தை நன்றாகச் சூடாக்கினாலும் அமுக்கவிசை போய்விடும்.

ஏப்ரலில் அறுவடை தொடங்கியது, இப்போது செப்டம்பர். வாரம் ஒருமுறை துடைத்து லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன், விரிசல் இல்லை. டிசம்பரில் சீசன் முடிந்ததும் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் சாயம் ஊற்றிச் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.