பி.டி. சாரின் படத்திறப்பில் என்ன பேசுவது? அப்புறம், அந்த 6:10 விசில்

கேள்வி
எழுதியவர்: பின்வரிசை89

எங்கள் பி.டி. சார் போன வாரம் தவறிவிட்டார். 71 வயது. கொரடாச்சேரி பக்கம், வெண்ணாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் 1978 முதல் 2011 வரை உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். அவரிடம் படித்தவர்களுக்கு இதற்குள் ஆள் யாரென்று தெரிந்திருக்கும்.

வருகிற ஞாயிறு பதினாறாம் நாள் காரியம், அன்றே படத்திறப்பு. பழைய மாணவர்கள் சார்பில் என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு நாளாக நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ‘மாணவர்களின் கலங்கரை விளக்கம்’ என்றெல்லாம் நோட்டீஸில் அடித்தாயிற்று. அதையே மேடையில் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன். விட்டுப்போனதை நீங்கள் சொல்லுங்கள்.

அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது பூப்பந்தாட்டம். இறகுப் பந்து இல்லை. மஞ்சள் கம்பளி நூல் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் கபடி, வாலிபால் என்று இருந்தபோது அவர் இதைப் பிடித்துக்கொண்டார். “இது நம்ம தஞ்சாவூர் ஆட்டம்டா. 1856-லேயே அரண்மனைக் குடும்பத்துல ஆடியிருக்காங்க” என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக வருகிற பையன்களிடம் சொல்வார். ஆறாம் வகுப்பில் அதைக் கேட்டபோது, ஏதோ எங்கள் வீட்டுச் சொத்தைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

கோர்ட்டை அவரேதான் போட்டார். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். அளக்க டேப் கிடையாது, முடிச்சுப் போட்ட தேங்காய்நார்க் கயிறுதான். சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது என்று வடக்கு தெற்காகப் போட்டார். அப்படிப் போட்டால் ஆடி மாதத்து மேல்காற்று குறுக்கே வீசும். பந்து முப்பது கிராமைத் தாண்டாது. நேராக அடித்தது ஒரு முழம் தள்ளிப் போய் விழும். அதனால் எங்களுக்கு முதல் பாடமே காற்று பார்ப்பது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் எப்போதும் கொடியில் துணி கிடக்கும். பின்வரிசையில் நிற்கும் என்னிடம், “முதல்ல கொடியைப் பாரு, அப்புறம் பந்தைப் பாரு” என்பார். இன்றைக்கும் எங்கே துணி காய்ந்தாலும் காற்று எந்தப் பக்கம் என்று என் கண் தானாகப் பார்க்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிடும். மழை விட்ட நாளில் ஊர்ப் பொதுக் களத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டு ஆடுவோம். தை அறுப்பில் பாதிப் பேர் வயலுக்குப் போய்விடுவோம். அவர் சைக்கிளை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பில் வந்து நின்று, “எத்தனை மணிக்கு விடுவீங்க?” என்று அப்பாவிடம் கேட்பார். அவ்வளவுதான். ‘பையனை அனுப்புங்கள்’ என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பாவே மூன்று மணிக்கு என்னை விரட்டிவிடுவார்.

1989-ல் பத்தாவது படித்தபோது வட்டாரத்தில் ஜெயித்து மாவட்டத்துக்குப் போனோம். அப்போது நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் சேர்ந்து ஒரே தஞ்சாவூர் மாவட்டம். மூன்றாவது ஆட்டத்தில் 29-24 என்று தோற்றோம். திரும்பும்போது நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். அந்த கேட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸுக்குள் ஒருவரும் பேசவில்லை. சார் எங்களை இறக்கி, டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு உளுந்து வடையும் வாங்கிக்கொடுத்து, 1970-ல் இதே பூப்பந்தாட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கிய பிச்சையாவைப் பற்றிச் சொன்னார். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட் திறந்து பஸ் நகர ஆரம்பித்ததும் ஓடிப்போய் ஏறினோம்.

சரி, என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். சார் சாயங்காலம் 6:10-க்கு விசில் ஊதிவிடுவார். எவ்வளவு சூடான ஆட்டமாக இருந்தாலும் அதே நிமிஷம் நிறுத்தி, நெட்டை அவிழ்த்துச் சுருட்டி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விடுவார். சித்திரை, வைகாசியில் ஆறரை வரை நல்ல வெளிச்சம் இருக்கும், அப்போதும் அப்படித்தான். மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம் பக்கத்து ஊர்ப் பையன்களோடு பயிற்சி ஆட்டம். 27-26, எங்கள் சர்வீஸ். ஊதிவிட்டார். நான் பேட்டைத் தரையில் வீசி எறிந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மறுநாள் கைப்பிடியில் புதிதாகத் துணி சுற்றி என்னிடம் கொடுத்தார். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இரண்டு புள்ளியை ஆடியிருந்தால் மாவட்டத்தில் இன்னும் தைரியமாக நின்றிருப்போம் என்று பல வருஷம் மனதில் வைத்திருந்தேன். அவரிடம் கேட்கவும் இல்லை. ஏன் அந்த 6:10? யாருக்காவது தெரியுமா?

பதில் 1
எழுதியவர்: நெட்டோரம்

நான் 1993-ல் பெண்கள் அணியில் முன்வரிசை ஆடியவள். விசில் விஷயம் எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் சார் வீட்டு அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே அண்ணா. சாரைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிடாதீர்கள்.

என்னை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். சார் வீட்டுக்கு வந்தார், அம்மாவோடு. திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் நெல் விலை, ஆற்றில் தண்ணீர் வரத்து என்றே பேசிக்கொண்டிருந்தார். அம்மா நேராக அடுப்படிக்கு வந்து என் அம்மாவிடம், “நானும் கூடப் போறேன். ராத்திரி என் பக்கத்துலதான் படுத்துக்கும்” என்று சொன்னார்கள். அவர்கள் கிராம சுகாதார செவிலியர். என் தம்பி பிறந்தபோது கைலாந்தர் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்த நர்சம்மா. அவர்கள் கேட்டு எங்கள் வீட்டில் எப்படி மறுப்பார்கள்?

அதற்கப்புறம் எல்லாப் போட்டிக்கும் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். ஐந்து பேருக்கும் மாற்று ஆட்களுக்கும் புளிசாதம், வாழை இலையில் கட்டி, மேலே நியூஸ் பேப்பர் சுற்றியிருக்கும். சின்ன மகளும் கூட வரும், அப்போது ஆறு வயசு இருக்கும். பந்து பொறுக்கிப் போடுவது அதன் வேலை. அந்த ஆட்டத்தை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் சாருக்கு வேட்டியும் அம்மாவுக்குச் சேலையும் எடுத்துப் போனேன். சார் வேட்டியைப் பிரிக்கவே இல்லை. முதலில் சேலையை வாங்கிப் பார்த்து, “கலர் உனக்கு எடுப்பா இருக்கும்” என்று அம்மாவிடம் நீட்டினார்.

பதில் 2
எழுதியவர்: வெட்டாற்றுப் படித்துறை

சார் யாரையும் அடித்ததே இல்லை என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். என்னை அடித்தார். அதையும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆடியில் ஆறு நிறையப் புதுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பயிற்சி முடிந்து நானும் இன்னொருவனும் பாலத்திலிருந்து குதித்தோம். எனக்கு அரைகுறை நீச்சல்தான். இழுத்துக்கொண்டு போய் ஒரு நாணல் புதரில் மாட்டிக் கரையேறினேன். எப்படியோ தெரிந்து சார் ஓடி வந்தார். பளாரென்று கன்னத்தில் ஒன்று. அவர் கை நடுங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், “நேத்து உங்க பையனைக் கை நீட்டிட்டேன். அடிச்சது தப்பு, ஆனா இன்ன காரணம்” என்று அவரே சொன்னார். அப்பா மோர் கொடுத்தார், குடித்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வகுப்பில் நீச்சல் தெரியாத பதினான்கு பேரைப் படித்துறைக்குக் கூப்பிட்டுப் போனார். வாழைமரத்தைத் துண்டு போட்டு இரண்டு இரண்டாகச் சேர்த்துக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்கச் சொல்வார். அவர் இடுப்பளவுத் தண்ணீரில், நீரோட்டம் போகிற பக்கம் நிற்பார். யார் கைவிட்டாலும் அவர் மேல் வந்துதான் முட்ட வேண்டும். அந்த ஆடி முடிவதற்குள் பதினான்கு பேரும் நீந்தினோம். பூப்பந்தில் நான் எட்டாவது ஆள்கூட இல்லை. எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

பதில் 3
எழுதியவர்: களத்துமேடு

நாங்கள் பள்ளியில் அவரிடம் படித்தவர்கள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலம் கோர்ட்டுக்கு வருவார், அப்போது பழகியவர்கள். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்தபோது கோர்ட் மேல் தூங்குமூஞ்சி மரம் விழுந்து கம்பம் இரண்டும் போய்விட்டது. சார் வந்து ஏதாவது வழி செய்வார் என்று காத்திருந்தோம். பதினெட்டு நாள் வரவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வீட்டில் போய்ப் பார்த்தால், கரண்ட் இல்லாத வீட்டில் அடிபைப்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிந்து நிமிர முடியாது. சமையலும் அவர்தான். “கரண்ட் வரட்டும்டா, வந்துடறேன். மரத்தை நீங்களே அறுத்துப் போடுங்க, கம்பத்துக்கு மட்டும் குழி தோண்டிடாதீங்க, அளவு தப்பிடும்” என்றார். கரண்ட் வந்த மறுநாள் அந்தத் தேங்காய்நார்க் கயிற்றோடு வந்தார்.

பதில் 4
எழுதியவர்: மூத்த மகள்

அண்ணே, எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பிச்சையா பேர் வந்ததும், “எத்தனை தடவை கேட்டிருப்பேன்” என்றார்கள்.

6:10-க்குக் காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அம்மா வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்திலிருந்து வருகிற பஸ் 6:20-க்குப் பாலத்தடி ஸ்டாப்புக்கு வரும். அங்கிருந்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டர், வாய்க்கால் கரையோடு. விளக்கு கிடையாது. கார்த்திகை, மார்கழியில் ஆறரை மணிக்கே கும்மிருட்டு, பாம்பு வேறு. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அம்மா தனியாக வந்து, வாய்க்காலில் கால் வழுக்கி விழுந்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அப்பா ஸ்டாப்பில் நிற்பார். வெளிச்சம் இருக்கிற மாதங்களில் அம்மா வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்.

சைக்கிளில் அம்மாவை ஏற்றி வர முடியாது, கேரியரில்தான் உங்கள் நெட் இருக்குமே. தள்ளிக்கொண்டே நடந்து வருவார்கள். மட்கார்டு கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் கேட்டதும் நானும் தங்கையும் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குள் நுழையும்போது அன்றைய கதை முழுவதும் பேசி முடித்திருப்பார்கள். அதனால் இரண்டு பேரும் எங்களிடம்தான் பேசுவார்கள். யார் நன்றாக ஆடினார்கள், யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்று எல்லாம் சாப்பாட்டோடு எங்களுக்கு வரும்.

இன்னொன்று. பனியில் நனைந்த பந்தை எங்கே காய வைப்பார் என்று நீங்கள் யாரும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பழைய இட்லித் தட்டு உண்டு. குழிக்கு ஒரு பந்தாக வைத்து, விறகடுப்பு அணைந்த பிறகு அதன் பக்கத்தில் வைத்துவிடுவார். காலையில் பந்தெல்லாம் லேசாகப் புகை வாசனை அடிக்கும்.

நீங்கள் பேட்டை எறிந்த கதையை அப்பா அன்று ராத்திரியே சொன்னார். கோபப்படவில்லை. “27-26 அவங்க சர்வீஸ். நானா இருந்தாலும் எறிஞ்சிருப்பேன்” என்றார். அம்மாதான் பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கைப்பிடிக்குச் சுற்றிக் கொடுத்தது.

பதில் 5
எழுதியவர்: பின்வரிசை89

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன். நீலத் துணி, ஓரத்தில் சின்னப் பூ. அந்த வருஷம் முழுவதும் அதைப் பிடித்துத்தான் ஆடினேன்.

நோட்டில் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டேன். நெட்டோரம் சொன்ன புளிசாதம், படித்துறை அண்ணன் வாங்கிய அறை, பதினெட்டு நாள் தண்ணீர் எடுத்தது, வாய்க்கால் கரை, இட்லித் தட்டு. இவ்வளவுதான் பேசப்போகிறேன், இந்த வரிசையில். பத்து நிமிஷத்துக்குள் வராவிட்டால் பரவாயில்லை.

அம்மாவையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லலாமா? அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தால் வேண்டாம்.

பதில் 6
எழுதியவர்: மூத்த மகள்

பேச மாட்டார்கள் அண்ணே. ஆனால் மேடைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்கிறார்கள். நாற்காலி போடும்போது ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு இடது காது ரொம்ப வருஷமாக மந்தம். அப்பா எப்போதும் வலது பக்கம்தான் நடப்பார்.

பதில் 7
எழுதியவர்: பின்வரிசை89

சரி தங்கச்சி. மைக் செட்காரரிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் அம்மாவுக்கு வலது பக்கம் இருக்கும்.