உதிர்ந்த இமைமுடி ஆளைக் காட்டிக் கொடுக்குமா?

கொண்டலாம்பட்டி குமரன்:
நேற்று ‘கட்டாக்கா’ (1997) பார்த்தேன். மரபணுவை வைத்து மனிதர்களைத் தரம் பிரிக்கும் காலத்துக் கதை. தரம் குறைந்தவன் என்று ஒதுக்கப்பட்ட நாயகன், இன்னொருவன் பேரில் விண்வெளி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு கொலை நடக்கிறது. கிடைத்த ஒற்றை இமைமுடியை வைத்து அவனைத் தேடுகிறார்கள். படம் அருமை, அறிவியல்தான் ஓட்டை. தானாக உதிர்ந்த முடியில் ஆளை அடையாளம் காட்டும் டிஎன்ஏ கிடையாது. வேரோடு பிடுங்கினால்தான் உண்டு.

ஏற்காட்டு மிளகு:
“கிடையாது” என்று அடித்துச் சொல்லாதீங்க குமரன். கிரீன்லாந்து உறைநிலத்தில் கிடைத்த, சுமார் 4000 வருடப் பழைய முடியிலிருந்து ஒரு மனிதனின் மரபணுத் தொகுதியையே 2010இல் படித்துவிட்டார்கள். நேற்று உதிர்ந்த இமைமுடி எம்மாத்திரம்?

லேப் அக்கா:
ரெண்டு பேரும் வேற வேற சோதனையைப் பேசுறீங்க. தலையில் ஒரு முடியை வெடுக்கென்று பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் ஈரமாக, வெள்ளையாக ஒரு உறை ஒட்டியிருந்தால் அதில் செல்கள் இருக்கும். டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை எண்ணி ஆளை அடையாளம் காண்பதுதான் எஸ்டிஆர் சோதனை; வழக்குகளில் வழக்கமாகச் செய்யும் அதற்கு இது போதும். சீப்பில் சிக்குகிற முடியின் அடி பெரும்பாலும் காய்ந்த சின்னக் குமிழ்தான். தண்டு முழுக்க கெரட்டின் என்கிற புரதம். முடி உருவாகும்போதே செல்லின் உட்கரு சிதைந்துவிடுகிறது.

தண்டில் ஓரளவு தாக்குப்பிடிப்பது, உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. அது அம்மா வழியில் மட்டும் வரும். அதனால் உங்கள் முடியும், உங்கள் பெரியம்மா மகன் முடியும், தாய்மாமன் முடியும் அதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் தெரியும். மாமன் மகனுக்கு மாறிவிடும். (மாமன் உங்கள் அக்காவையே கட்டியிருந்தால் அங்கேயும் மாறாது. நம்ம பக்கம் நடக்காததா என்ன!) இதை வைத்து ஒருவரை விலக்கலாம், “இவன்தான்” என்று கை காட்ட முடியாது.

கொண்டலாம்பட்டி குமரன்:
அப்படிச் சொல்லுங்க அக்கா. மிளகு, ஐந்து ரோடு சலூனில் கூட்டி அள்ளுகிற முடியை வைத்து ஆளைப் பிடிப்பீங்களா?

ஏற்காட்டு மிளகு:
ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தால் பிடிக்கலாம். எஸ்டிஆருக்கு நூற்றுக்கணக்கான டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டுகள் தேவை. தண்டில் இருப்பதோ பொடித்துண்டுகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர் எட் கிரீன், பழங்கால எலும்புகளில் இருக்கும் பொடித்துண்டு டிஎன்ஏவைப் படிக்கிற முறையை வேரில்லாத முடிக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பேர் புரூக் பூங்கா அருகே பீப்பாய்களில் கிடைத்த உடல்களில் மூன்று பேர் யார் என்று 2019இல் தெரிந்தது அதன் உதவியோடுதான். 1997இல் கற்பனையாக இருந்தது இன்றைக்கு நடக்கிறது.

அஸ்தம்பட்டி பாபு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நம்ம சேலம் ஏற்காடு ரோடு மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ 1952லேயே அமெரிக்கர்களோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தது. அதில் வரும் மாமூத் (அழிந்துபோன சடை யானை), முடி ஒட்டின சாதா யானை. அந்த முடியைச் சோதித்தால் வில்லன் ஒப்பனைக்காரர்தான் 😀

ஏற்காட்டு மிளகு:
பாபு அண்ணா, நிஜ மாமூத்தின் மரபணுத் தொகுதியில் பெரும்பகுதியை 2008இல் படித்ததும் முடியிலிருந்துதான்!

கொண்டலாம்பட்டி குமரன்:
மாமூத்துக்கு எந்தக் கோர்ட்டில் கேஸ்? படத்தில் நாயகி ஒரு முடியைக் கொண்டுபோய்க் கவுன்டரில் நீட்டுகிறாள், நின்ற இடத்திலேயே ரிப்போர்ட் வருகிறது. அதற்குப் பதில் சொல்லுங்க.

லேப் அக்கா:
அந்த வேகம் சினிமாதான். முதலில் முடியைக் கழுவணும், இல்லாவிட்டால் தொட்டவர் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். அப்புறம் கெரட்டினைக் கரைக்கணும், டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கணும், பல மடங்கு நகலெடுக்கணும். அதற்கும் மேலே, ஒப்பிட ஒரு பதிவு வேண்டும். படத்தில் எல்லோருடைய மரபணுவும் பதிவில் இருப்பதால் இமைமுடிக்குச் சட்டென்று பேர் கிடைக்கிறது. இங்கே டிஎன்ஏ தரவு வங்கிக்கான மசோதாவையே 2023இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பதிவு இல்லாத ஊரில் சுத்தமான டிஎன்ஏ கிடைத்தாலும் பேர் கிடைக்காது.

ஏற்காட்டு மிளகு:
அப்போ அந்த உலகத்துக்குள் படம் சொல்வது சரிதானே அக்கா? இன்னொன்று, முடி அங்கே கிடந்தது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. படமும் அதைத்தானே காட்டுகிறது, கொன்றது இமைமுடிக்காரன் இல்லையே.

அஸ்தம்பட்டி பாபு:
அடப்பாவி, நான் இன்னும் படம் பார்க்கலை.

கொண்டலாம்பட்டி குமரன்:
பாருங்கண்ணா, பார்த்துவிட்டு அந்தக் கவுன்டர் மிஷினை நம்ப முடிந்ததா என்று மட்டும் சொல்லுங்க. மிளகு அதை இன்னும் தொடவே இல்லை.